நடுக்கமும் நடையும்: சிப்பிகாட்டில் தென்னை மகரந்தம் சோதிக்கும் தொழில்

தென்னையில் கலப்பினம் உண்டாக்கும் தொழிலில் மரத்தின் மேல் நடக்கும் வேலைக்குக் கிடைக்கும் மதிப்பு, மேசையின் மேல் நடக்கும் மகரந்தச் சோதனைக்குக் கிடைப்பதில்லை. ஆயினும் ஒரு பாளைக்குச் செலவிடப்படும் உழைப்பு காயாகுமா, வீணாகுமா என்பதை முன்கூட்டியே கணிக்க உதவுவது அந்த மேசையில் இருக்கும் நுண்ணோக்கிதான். கண்ணாடித் தகட்டில் தூவிய மகரந்தத் தூள்களில் எத்தனை முளைத்தன என்று எண்ணிப் பதிவேட்டில் எழுதுவது இச்சோதனையின் வெளித்தோற்றம். அங்கே உண்மையில் அளக்கப்படுவதோ, ஒரு செல் தன்னுள் இருக்கும் பொருள்களை வேண்டிய இடத்துக்கு வேண்டிய நேரத்தில் சுமந்து சேர்க்கிறதா என்பதாகும். அச்சுமையைத் தூக்கி நடப்பவை மோட்டார் புரதங்கள், அதாவது உணவிலிருந்து பெற்ற வேதி ஆற்றலைச் செலவழித்துச் செல்லுக்குள் இருக்கும் இழைகளின் மேல் அடிவைத்து நகரும் புரதங்கள். இத்தொழிலில் பல பருவங்களைக் கழித்த பின் எழுதப்படும் இக்கட்டுரை, பாளையிலிருந்து தொடங்கி அப்புரதங்கள் வரை சென்று, மீண்டும் பாளைக்கே திரும்பி வருகிறது.

சிப்பிகாட், தெற்கு அந்தமானில், 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேயருக்கு அருகில், குன்றுகளும் கடற்கழியும் சந்திக்கும் இடத்தில் அமைந்த ஊர். காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் 1981ஆம் ஆண்டு பசிபிக் பெருங்கடல் தீவுகளில் தென்னை வகைகள் தேடித் திரட்டப்பட்டபோது, ஃபிஜி, டோங்கா, சமோவா, சாலமன் தீவுகள், பாப்புவா நியூ கினி உள்ளிட்ட இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட 24 வகைகளும் நேரே கேரளத்திலோ தமிழ்நாட்டிலோ நடப்படாமல் இங்கே நடப்பட்டன. அயல்நாட்டு நாற்றோடு அயல்நாட்டு நோயும் வந்துவிட்டால் பெருநிலத்தின் தென்னந்தோப்புகள் அழிந்துவிடும் என்ற அச்சமே இதற்குக் காரணம். சுற்றிலும் இருந்த கடல், இயற்கையாக அமைந்த வேலியாகக் கருதப்பட்டது. உலகத் தென்னை மரபுவள மையம் என்று பெயர் பெற்ற அத்தோப்பிலிருந்து அந்தமான் ஆராய்ச்சி நிலையத்தார் தெரிந்தெடுத்து வெளியிட்டவையே அன்னபூர்ணா, சூரியா, ஓம்கார், சந்தன் என்னும் வகைகள். 2004 டிசம்பர் 26 அன்று நிகழ்ந்த நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் தரையே தாழ்ந்துபோனதால், சிப்பிகாட்டின் தாழ்ந்த நெல்வயல்கள் சில கடல்நீரில் மூழ்கின. வரப்பும் நாற்றும் இருந்த இடத்தில் பின்னர் அலையாத்தி மரங்கள் முளைத்தன. அவ்வூரின் தோப்புகளில் வேலை செய்பவர்களுக்கு, ஒரு மரபுவளம் எவ்வளவு எளிதில் தொலைந்துபோகக்கூடும் என்பதை வேறெவரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

தென்னையில் நெட்டையையும் குட்டையையும் கலக்கும் தொழில் நம் மண்ணில் பிறந்தது. அன்றைய சென்னை மாகாணத்தில் எண்ணெய்வித்து வல்லுநராக இருந்த ஜே. எஸ். பட்டேல் 1932ஆம் ஆண்டு நீலேஸ்வரத்தில் மேற்குக் கடற்கரை நெட்டையையும் சாவக்காடு குட்டையையும் இணைத்து உண்டாக்கியதே உலகின் முதல் நெட்டை-குட்டைக் கலப்பினம். அவர் வகுத்த நடைமுறையின் எலும்புக்கூடு இன்றும் மாறவில்லை. ஒரு பாளை வெடித்ததும் அதன் கிளைகளில் மேற்பகுதி முழுவதும் ஆயிரக்கணக்கான ஆண்பூக்களும், கிளைகளின் அடியில் சில பெண்பூக்களும் இருப்பதைக் காணலாம். நெட்டை மரத்தில் ஆண்பூக்கள் முதலில் மலர்ந்து உதிர்ந்த பிறகே பெண்பூக்கள் பக்குவப்படுவதால் அதன் மகரந்தம் அதே பாளையின் பெண்பூவுக்குப் பெரும்பாலும் பயன்படுவதில்லை. குட்டை மரத்தில் இவ்விரு பருவங்களும் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் தன்மகரந்தச் சேர்க்கை எளிதில் நடந்துவிடுகிறது. ஆகவே தாய்மரமாகக் குட்டையைத் தேர்ந்தால், பாளை வெடித்தவுடன் கிளைகளின் நுனியை வெட்டி, எஞ்சிய ஆண்பூக்களைக் கையால் கிள்ளி எடுத்து, பாளை முழுவதையும் துணிப்பையால் மூடிவிட வேண்டும். இதையே ஆண்மை நீக்கம் என்பர். பெண்பூவின் நுனியில் தேன் கசிந்து, சூல்முடி மூன்றாகப் பிளந்து தெரியும்போது மகரந்தத்தைத் தூவ வேண்டும். ஒரு பூ இவ்வாறு ஏற்கும் நிலையில் இருப்பது ஓரிரு நாள் மட்டுமே என்பதால், பருவம் முழுவதும் மரமேறுபவர் நாள்தோறும் ஏறி இறங்க வேண்டியுள்ளது. அந்த ஓரிரு நாளில் தூவப்படும் தூள் உயிர்ப்பற்றதாக இருந்தால் இவ்வளவும் வீண்.

மகரந்தத்தைத் தயாரிப்பதும் நிதானம் வேண்டும் வேலை. தந்தைமரத்தின் முதிர்ந்த ஆண்பூக்களைப் பறித்து, உருளையால் மெல்ல நசுக்கி, ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உலர்த்தி, நுண்சல்லடையில் சலித்தால் இளமஞ்சள் நிறத் தூள் கிடைக்கும். ஆண்டின் பாதிக்கு மேல் மழையும் எப்போதும் கடற்காற்றும் உள்ள தீவில் அத்தூள் விரைவில் ஈரத்தை உறிஞ்சிக் கட்டியாகிவிடுவதால், உலர்பொருள் இட்ட மூடிய கலத்திலோ, நாள்கடந்து வைக்க வேண்டுமானால் உறைகுளிர்ப் பெட்டியிலோ அதைக் காக்க வேண்டும். சிறு புட்டிகளாகப் பிரித்து வைக்காமல் ஒரே புட்டியை நாள்தோறும் திறந்து மூடுவது இத்தொழிலில் செய்யக்கூடாத பிழைகளில் முதன்மையானது. ஒவ்வொரு திறப்பிலும் ஈரக்காற்று உள்ளே புகுந்து குளிர்ந்த தூளின் மேல் நீராகப் படிகிறது.

இவ்வாறு காக்கப்பட்ட தூள் உயிரோடு இருக்கிறதா என்று அறிய இரு வழிகள் உண்டு. ஒன்று சாயமிடுதல்: அசிட்டோகார்மைன் போன்ற சாயத்தில் தூளை நனைத்தால், உள்ளடக்கம் நிறைந்த தூள்கள் சிவந்தும் வெற்றுத் தூள்கள் நிறமற்றும் தெரியும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். மற்றொன்று முளைப்பித்தல்: சர்க்கரை, அகார், ஜெலட்டின், சிறிதளவு போரிக் அமிலம் ஆகியவை கலந்த ஊடகத்தின் மேல் தூளைத் தூவி, சில மணி நேரம் ஈரமான மூடிய தட்டில் வைத்து, மகரந்தக் குழல் விட்ட தூள்களை எண்ணுதல். குழலின் நீளம் தூளின் விட்டத்தைத் தாண்டினால் மட்டுமே அது முளைத்ததாகக் கொள்ளப்படும். சர்க்கரை இங்கே உணவாவதோடு நீரின் அழுத்தத்தையும் கட்டுப்படுத்துகிறது. குறைந்தால் தூள் நீரை அளவுக்கு மீறி உறிஞ்சி வெடிக்கும், மிகுந்தால் நீரே புகாமல் உறங்கிக் கிடக்கும். போரான் குழலின் சுவரில் உள்ள பெக்டின் என்னும் பசைப்பொருளின் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கிறது.

வேலை மிகுந்த பருவங்களில் சாயமிடும் வழியே கையாளப்படுவது இயல்பு. அவ்வியல்பு எவ்வளவு இழப்பைத் தரும் என்பதை ஒரு பருவம் உணர்த்தியது. சேமிப்பிலிருந்து எடுத்த ஒரு தொகுதித் தூள் சாயத்தில் நன்றாகச் சிவந்ததால் நல்லதென்று பதிவேட்டில் எழுதப்பட்டு, பல மரங்களில் தூவப்பட்டது. சில வாரங்களுக்குள் அப்பாளைகளின் குரும்பைகள் ஏறக்குறைய எல்லாமே உதிர்ந்துவிட்டன. ஆண்மை நீக்கமும் பை கட்டுதலும் சரியாகவே நடந்திருந்தன. எஞ்சிய தூளை ஊடகத்தில் இட்டபோது பெரும்பாலானவை முளைக்கவில்லை. சில சிறு குழல்களை விட்டு நின்றுவிட்டன. மரமேறியவர்களின் ஒரு பருவ உழைப்பு, மேசையில் சேமித்த சில மணி நேரத்துக்கு விலையாகிப் போனது. சாயம் காட்டியது சைட்டோபிளாசம், அதாவது செல்லின் உள்நிறை கூழ், இருக்கிறது என்பதை மட்டுமே. அது இயங்குகிறது என்பதைச் சாயத்தால் காட்ட இயலாது.

இதைவிட நுட்பமான ஒரு பிழையும் உண்டு, அது பயிற்சி இல்லாத கண்ணின் பிழை. மகரந்தத் தூளுக்குள்ளும் வெடித்த தூளிலிருந்து சிந்திய கூழிலும் உள்ள சிறு துகள்கள் இடைவிடாமல் துடிப்பதை உயர் உருப்பெருக்கத்தில் காணலாம். புதிதாக வேலைக்கு வருபவர்கள் அத்துடிப்பைக் கண்டு தூள் உயிரோடு இருப்பதாகக் குறித்துவிடுவர். 1827ஆம் ஆண்டு ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன், கிளார்க்கியா என்னும் செடியின் மகரந்தத்திலிருந்து வெளிப்பட்ட துகள்களில் கண்டதும் இதே துடிப்பைத்தான். முதலில் அதை உயிரின் அடையாளமாக எண்ண இடமிருந்தும், உயிரற்ற பொடிகளிலும் அதே துடிப்பைக் கண்டு, அது உயிருக்கு உரியதன்று என்று அவர் தெளிந்தார். நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் மோதுவதால் துகள் நின்ற இடத்திலேயே நடுங்குகிறது. பிரவுனியன் இயக்கம் என்று பிற்காலத்தில் பெயர் பெற்ற இந்நடுக்கம் செத்த தூளிலும் நிற்பதில்லை.

உயிருள்ள குழலில் காணப்படுவது வேறு. 1824ஆம் ஆண்டு இத்தாலியரான ஜியோவான்னி பத்திஸ்தா அமிச்சி, நம் வயல்களில் தானாக முளைக்கும் பருப்புக்கீரையின் சூல்முடி மயிர்களுக்குள் கூழ் ஓடுவதை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, அம்மயிரில் ஒட்டியிருந்த மகரந்தத் தூள் ஒரு குழலை நீட்டுவதையும், அக்குழலுக்குள்ளும் துகள்கள் வரிசையாக ஓடுவதையும் கண்டார். மகரந்தக் குழலை மனிதர் முதன்முதலில் கண்ட நிகழ்ச்சியாக அறிவியல் வரலாற்றில் அது பதிவாகியிருக்கிறது. தென்னை மகரந்தத்தின் இளங்குழலை இன்று பார்த்தாலும் அதே காட்சிதான்: குழலின் ஓரங்களை ஒட்டித் துகள்கள் நுனியை நோக்கி விரைகின்றன, நுனிக்குச் சற்று முன்னால் திரும்பி, குழலின் நடுவழியே பின்னோக்கி வருகின்றன, பெரிய துகள் எதுவும் புகாத நுனிப்பகுதி மட்டும் தெளிந்து விளங்குகிறது. நடுங்கும் துகள் எங்கும் போய்ச் சேர்வதில்லை, நடக்கும் துகளுக்கோ திசையும் சேருமிடமும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்ற கண்ணே இத்தொழிலுக்குத் தகுதி பெற்ற கண்.

நடை என்று சொல்வது உவமைக்காக மட்டும் சொல்லப்படுவதன்று. செல்லுக்குள் இருவகைப் பாதைகள் உள்ளன. ஆக்டின் என்னும் புரதத்தால் முறுக்கப்பட்ட மெல்லிய இழைகள் ஒருவகை. டியூபுலின் என்னும் புரதத்தால் கட்டப்பட்ட, உட்குழிவான நுண்குழல்கள் மற்றொரு வகை. ஆக்டின் இழையின் மேல் நடப்பவை மையோசின்கள். நுண்குழலின் மேல் நடப்பவை கைனெசின்களும் டைனீன்களும். மோட்டார் புரதம் ஒவ்வொன்றுக்கும் பாதையைப் பற்றும் தலைப்பகுதியும், சரக்கைப் பற்றும் வால்பகுதியும் உண்டு. பல மோட்டார்களில் தலை இரட்டையாக இருப்பதால் ஒரு தலை பாதையைப் பற்றியிருக்க மற்றொன்று முன்னே எட்டி வைக்கிறது; ஒவ்வோர் அடிக்கும், செல்லின் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்று செலவாகிறது. கைனெசினின் ஓர் அடி 8 நானோமீட்டர். நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. தாவரங்களில் ஓட்டத்தை நடத்தும் மையோசின் 11 என்னும் வகுப்பைச் சேர்ந்த புகையிலை மையோசினோ ஓர் அடியில் ஏறத்தாழ 35 நானோமீட்டர் கடக்கிறது.

இப்புரதங்களைப் பற்றிய அறிவு வளர்ந்த வரலாற்றில் நீர்ப்பாசிக்குத் தனி இடம் உண்டு. தேங்கிய நன்னீரில் வளரும் காரா என்னும் பெரும்பாசியின் செல்லுக்குள் கூழ் சுழன்றோடுவதை 1774ஆம் ஆண்டிலேயே இத்தாலியரான பொனவென்ச்சுரா கோர்த்தி கண்டார். அதன் உறவான நிட்டெல்லாவின் செல்லைப் பிளந்து உள்ளிருக்கும் ஆக்டின் கம்பிகளின் மேல், தசையிலிருந்து பிரித்த மையோசின் பூசிய நுண்மணிகளை இட்டபோது அம்மணிகள் தாமாகவே நடந்ததை 1983ஆம் ஆண்டு மைக்கேல் ஷீட்ஸும் ஜேம்ஸ் ஸ்புடிச்சும் காட்டினர். பிரித்தெடுத்த புரதம் செல்லுக்கு வெளியேயும் தன் வேலையைச் செய்யும் என்று அது நிறுவியது. 1985ஆம் ஆண்டு ரொனால்ட் வேல், தாமஸ் ரீஸ், ஷீட்ஸ் ஆகியோர் கணவாய் மீனின் தடித்த நரம்பிலிருந்து கைனெசினைக் கண்டறிந்தனர். பள்ளி ஆய்வகங்களில் ஹைட்ரில்லா இலையில் பச்சையங்கள் வட்டமிடுவதை மாணவர் பார்ப்பதும், நரம்பியல் ஆய்வாளர் நரம்பிழையில் சரக்கு ஓடுவதைப் பார்ப்பதும் ஒரே அடிப்படை வேலையின் இரு காட்சிகள்.

மகரந்தக் குழலுக்கு இவ்வளவு விரிவான சரக்குப் போக்குவரத்து ஏன் தேவைப்படுகிறது என்பதைச் சிறு கணக்கால் விளக்கலாம். குழல் தன் நுனியில் மட்டுமே வளர்கிறது; சுவருக்கு வேண்டிய பெக்டினும் புதுச் சவ்வும் பின்னே உள்ள கோல்கை உடலங்களில், அதாவது செல் தன் புரதங்களையும் சர்க்கரைப் பொருள்களையும் பக்குவப்படுத்திப் பொதியிடும் தட்டடுக்குகளில், தயாராகி, நுண்பைகளாகக் கட்டப்பட்டு நுனிக்கு வர வேண்டும். ஒரு புரதம் கூழுக்குள் தானாகப் பரவும் வீதத்தை நொடிக்கு 10 சதுர மைக்ரோமீட்டர் என்று கொண்டால், 1 மில்லிமீட்டர் தொலைவைக் கடக்க அதற்கு ஏறத்தாழ 14 மணி நேரம் ஆகும்; அதைவிடப் பன்மடங்கு பெரிதான நுண்பைக்கு நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஆகும். நொடிக்கு 5 மைக்ரோமீட்டர் வேகத்தில் சுமந்து செல்லப்பட்டால் அதே தொலைவுக்கு 200 நொடி போதும். சூல்முடியிலிருந்து சூல்வரை குழல் உரிய காலத்தில் வளர வேண்டுமென்றால், நடுக்கத்தை நம்பிக் காத்திருக்க இயலாது.

சரக்கு நுனிக்கு வந்ததும் இறக்கப்படும் முறையும் கருதத்தக்கது. குழலின் நுனியில் கால்சியம் அயனிகளின் செறிவு பின்பகுதியைவிட மிகுதி. லில்லி மகரந்தத்திலிருந்து பிரித்த மையோசினைக் கொண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் செய்த சோதனைகளில், கால்சியம் மிகும்போது அம்மையோசின் இழையின் மேல் நகர்வது தடைபடுகிறது என்று தெரியவந்தது. ஆக, எங்கே வளர்ச்சி வேண்டுமோ அங்கே சுமப்பவர் தாமாகவே நின்று சுமையை விட்டுவிடும்படி வேதியியல் அமைந்திருக்கிறது. நுனி தெளிவாகத் தெரிவதும், பெரிய நுண்ணுறுப்புகள் அதற்குச் சற்று முன்பே திரும்பிவிடுவதும் இவ்வொழுங்கின் வெளி அடையாளங்கள்.

இரு பாதைகளில் எது இன்றியமையாதது என்பதைப் பாதையைக் குலைக்கும் நஞ்சுகள் காட்டுகின்றன. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் உள்ள கொல்சிசின், டியூபுலினைப் பற்றிக்கொண்டு நுண்குழல்கள் கட்டப்படுவதைத் தடுக்கிறது. கீல்வாத மருந்துக்காக அவ்விதையைக் கொங்கு மண்டல உழவர்கள் பயிரிட்டு விற்கின்றனர். நுண்குழல்களைக் குலைக்கும் இத்தகைய பொருள்களைச் சேர்த்தாலும் மகரந்தக் குழல்கள் பெரும்பாலும் தொடர்ந்து வளர்கின்றன; ஆனால் பூஞ்சையிலிருந்து கிடைக்கும் சைட்டோகலாசின் என்னும் பொருளால் ஆக்டின் இழைகளைக் குலைத்தால் ஓட்டமும் வளர்ச்சியும் நின்றுவிடுகின்றன. மகரந்தக் குழலின் பெருவழி ஆக்டின் என்பதும், அதன் மேல் சுமப்பவர் மையோசின் என்பதும் இதனால் தெளிவாகின்றன. நுண்குழல்களும் கைனெசின்களும் ஆண் அணுக்களை இடம்பெயர்க்கத் துணைபுரிகின்றன.

டைனீன் இங்கே இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. விலங்குச் செல்களில் நுண்குழலின் மேல் மையத்தை நோக்கிச் சுமக்கும் முதன்மையான மோட்டாரான அது, பூக்கும் தாவரங்களில் இழக்கப்பட்டுவிட்டது. அந்தமான் கடற்கரைக் காடுகளில் வளரும் சைகஸ் என்னும் பழந்தாவரத்தின் ஆண் அணுக்களுக்குச் சாட்டை போன்ற மயிர்கள் உண்டு. டைனீனால் அவற்றை அடித்து, சூலுக்குள் இருக்கும் சிறு நீர்மத்தில் அவை நீந்திச் செல்கின்றன. அதே மண்ணில் நிற்கும் தென்னையின் ஆண் அணுக்களுக்கு நீந்தத் தெரியாது. குழல் சுமந்து சேர்த்தால் மட்டுமே அவை முட்டையை அடையும்.

மோட்டார்கள் சரக்கைச் சுமப்பதோடு நிற்பதில்லை, நுண்ணுறுப்புகளுக்கு வடிவத்தையும் தருகின்றன என்பதே கடந்த சில பத்தாண்டுகளில் தெளிவான செய்தி. எண்டோபிளாச வலை என்பது, புதிய புரதங்கள் தோன்றி மடிக்கப்படும் சவ்வுக் குழாய்களும் தட்டுகளும் பின்னிய பரப்பு. பாடநூற் படத்தில் அது அசையாத வலையாகத் தோன்றினாலும், உயிருள்ள செல்லில் அதன் குழாய்கள் இழுக்கப்பட்டும் இணைந்தும் பிரிந்தும் ஒவ்வொரு நொடியும் மாறிக்கொண்டே இருக்கின்றன. விலங்குச் செல்லில் அதைப் பெரும்பாலும் நுண்குழல் வழியே கைனெசின் இழுத்து விரிக்கிறது. தாவரச் செல்லில் மையோசின் 11 இழுக்கிறது. கடுகினத்தைச் சேர்ந்த அராபிடோப்சிஸ் என்னும் ஆய்வுச் செடியில் அவ்வகுப்பு மையோசின் ஒன்றை நீக்கியபோது வலையின் ஓட்டம் தளர்ந்து, அதன் இழைக்கட்டுகளும் தட்டுகளும் ஒழுங்கு குன்றியதை 2010ஆம் ஆண்டு ஹருக்கோ உவேடாவும் உடனாய்வாளரும் காட்டினர். கோல்கை உடலத்தின் கதையும் இதுபோன்றதே. விலங்குச் செல்லில் டைனீன் அதன் துண்டுகளை உட்கருவின் அருகே இழுத்து ஒன்றாகக் கட்டிவைக்கிறது. நுண்குழல்களைக் குலைத்தால் அது சிதறிப்போகும். தாவரச் செல்லிலோ அது நூற்றுக்கணக்கான தனித்தனி அடுக்குகளாகப் பிரிந்து, ஆக்டின் இழைகளின் வழியே எண்டோபிளாச வலையோடு சேர்ந்து நகர்ந்தபடியே வேலை செய்கிறது.

தீவுகளில் வாழ்பவர்களுக்கு இதை விளக்க நீண்ட சொற்கள் தேவையில்லை. தெற்கு அந்தமானுக்கும் கார் நிக்கோபாருக்கும் இடையே கப்பல் சில வாரம் வராவிட்டால் அரிசியும் எண்ணெயும் குறைவதோடு, ஒரே ஆட்சிப் பரப்பு என்ற கட்டமைப்பே தளர்ந்துபோகிறது. போக்குவரத்து இருப்பதால்தான் அது ஒரே பரப்பாக இணைந்து நிற்கிறது. செல்லும் அத்தகையதே: அதன் உறுப்புகள் ஓரிடத்தில் வைக்கப்பட்டுப் பின்னர் சாலை போடப்பட்டவை அல்ல, ஓயாத சுமத்தலின் விளைவாகவே அவை தம் இடத்திலும் வடிவிலும் நிலைத்திருக்கின்றன.

சுமத்தலின் வேகம் பயிரின் உருவத்தையே மாற்றும் என்பதற்கும் சான்று உண்டு. காராவின் மையோசின் இதுவரை அறியப்பட்டவற்றில் மிக விரைவானது. அதன் தலைப்பகுதியை அராபிடோப்சிஸின் மையோசினில் பொருத்தி வேகத்தைக் கூட்டியபோது செடி பெரிதாகவும், மெதுவான தலையைப் பொருத்தியபோது சிறிதாகவும் வளர்ந்ததை 2013ஆம் ஆண்டு மோட்டோக்கி டொமினாகா குழுவினர் வெளியிட்டனர். 2015ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வில், அதே செடியின் மகரந்தத்தில் இயங்கும் இரண்டு மையோசின்களை நீக்கியபோது குழலுக்குள் கோல்கை உடலங்களின் நடமாட்டம் தளர்ந்து, குழல் மெதுவாக வளர்ந்து, விதைகளும் குறைந்தன. மோட்டாரில் ஏற்படும் தளர்ச்சி விதையின் எண்ணிக்கையில் வந்து முடிகிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை. இந்தியாவிலும் இத்துறை வலுவாக வேரூன்றியுள்ளது: மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ரூப் மல்லிக், லேசர் ஒளியால் நுண்பொருளைப் பிடித்து மோட்டார் புரதங்கள் இழுக்கும் விசையை அளந்தார், அங்கேயே சந்தியா கௌஷிகா நூற்புழுவின் நரம்புகளில் சரக்கு ஓடும் முறையை ஆராய்ந்துவருகிறார். தென்னை மகரந்தத்தின் மோட்டார்களும் அத்தகைய கருவிகளுக்கு உரிய பொருளே.

குழல் சூலை அடைந்து இரு ஆண் அணுக்களையும் விடுவித்த பின், ஒன்று முட்டையோடு கூடிக் கருவாகிறது. மற்றொன்று சூற்பையின் மைய அணுவோடு கூடி முளைசூழ் தசையாகிறது. தென்னையில் அத்தசை முதலில் சுவர் எழுப்பாமல் உட்கருக்களை மட்டும் பெருக்கிக்கொண்டு நீர்மமாக இருக்கிறது, அதுவே இளநீர். பின்னர் ஓட்டின் உட்புறத்திலிருந்து சுவர்கள் எழும்பி வழுக்கையாகி, முற்றித் தேங்காயாகிறது. ஒவ்வொரு புதுச் சுவரும் நுண்பைகள் ஒன்றுகூடிப் படிவதால் தோன்றுவதே. அந்நுண்பைகள் கூடும் நுண்குழல் தொகுதியைச் சீராக்குவதில் கைனெசின்கள் பங்கேற்கின்றன. தேங்காயின் பருப்பு முழுவதும் சுமந்து சேர்த்த பொருளால் ஆனது.

இவ்வறிவு மேசைக்குத் திரும்பும்போது சில எளிய நெறிகளாகிறது. உறைகுளிரிலிருந்து எடுத்த தூளை உடனே ஊடகத்தில் இடாமல், புட்டியைத் திறக்காமலேயே அறை வெப்பத்துக்கு வரவிட்டு, பின் சிறிது நேரம் ஈரக்காற்றில் வைக்க வேண்டும். வறண்ட சவ்வுகள் நீரைத் திடீரெனக் குடித்தால் கசிந்து, உள்ளிருக்கும் ஆற்றல் பொருள்கள் வெளியேறிவிடும், மோட்டார் இருந்தும் எரிபொருள் இல்லாத நிலை ஏற்படும். குழல்களை எண்ணும் முன், தூளின் விட்டத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு நீண்ட குழல்கள் சிலவற்றைத் தேர்ந்து, ஒளியைத் தணித்து, ஒவ்வொன்றையும் ஒரு நிமிடமாவது கவனிக்க வேண்டும். ஓரத்தில் முன்னோக்கியும் நடுவில் பின்னோக்கியும் ஓட்டம் இருக்கிறதா, நுனி தெளிந்திருக்கிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் தனிக் கட்டத்தில் எழுத வேண்டும். நுனி வீங்கி, துகள்கள் நின்ற இடத்திலேயே துடித்துக்கொண்டிருந்தால், குழலின் நீளம் எவ்வளவாக இருந்தாலும் அத்தூளைப் பாளைக்கு அனுப்பக்கூடாது. சாயமிடும் சோதனை, வெற்றுத் தூள் எவ்வளவு என்று அறிய மட்டும் பயன்படட்டும்.

இவற்றுக்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும் சாதாரண நுண்ணோக்கியே போதும். கலப்பின நாற்று உண்டாக்கும் ஒவ்வொரு பண்ணையும், எண்ணிக்கையோடு ஓட்டத்தையும் பதிவு செய்வதை வழக்கமாக்க வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு முதல் நாளிலேயே செத்த தூள் ஒன்றையும் உயிருள்ள குழல் ஒன்றையும் அருகருகே காட்டி, நடுக்கத்தையும் நடையையும் பிரித்தறியக் கற்பிக்க வேண்டும். மரமேறுபவர் நாள்தோறும் உயிரைப் பணயம் வைத்து ஏறுவது, ஓரிரு நாள் மட்டும் திறந்திருக்கும் ஒரு பெண்பூவுக்காக. அவருடைய கையில் நடக்கும் மகரந்தத்தைக் கொடுத்தனுப்புவது மேசையில் இருப்பவரின் கடமை.